நீதிமன்ற அறையில் மூன்று மணி நேரமா, வார இறுதியா, ஆளுக்குப் பாதி வருடமா?

கணவன் மனைவி பிரிந்தால் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதற்கே இரு வீட்டாரும் முழு பலத்தையும் செலவழிக்கிறார்கள். ஆனால் தீர்ப்பு வந்த பிறகு குழந்தையின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது அந்த ஒற்றை வரி இல்லை. இன்னொருவரை எந்தக் கிழமை, எங்கே, எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்று உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்கிறதே, அதுதான். நம் நீதிமன்றங்களில் வழங்கப்படும் மூன்று வகை ஏற்பாடுகளை அந்தப் பத்தியை வைத்தே பார்ப்போம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்தான் இன்றும் அடிப்படை, குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டுப் போடும், ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று வக்கீல்கள் சொல்லும் மனு அதன் கீழ் வருவது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலன். சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்ல என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது.

முதல் வகை, நீதிமன்ற வளாகத்தில் சந்திப்பு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து முதல் ஒரு மணி வரை என்பதுபோல் உத்தரவு வரும். அறையில் பொம்மைகள் இருக்கும், நாற்காலிகள் இருக்கும், பக்கத்திலேயே இன்னும் நான்கு குடும்பங்கள் இருக்கும். அப்பா பிஸ்கட் பாக்கெட்டும் ரிமோட் காரும் வாங்கி வந்திருப்பார். குழந்தை கூச்சம் விட்டு மடியில் ஏறவே முக்கால் மணி நேரம் ஆகும். விளையாட்டு சூடுபிடிக்கும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். வீட்டில் அடி உதை இருந்திருந்தாலோ, குடிப் பழக்கம் இருந்தாலோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் இருந்தாலோ இந்த ஏற்பாடு அவசியம். அங்கே சமரசமே கூடாது. இப்படி எதுவும் இல்லாத குடும்பத்தை வருடக்கணக்கில் அந்த அறையில் உட்கார வைப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். மூன்று மாதத்தில் மறுபரிசீலனை என்று உத்தரவிலேயே எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது வகை, குழந்தைக்கு ஒரு நிலையான வீடு. மற்றவரிடம் வார இறுதியில் இரவுத் தங்கல், பள்ளி விடுமுறையில் பாதி. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதையே சிபாரிசு செய்வேன். இரவு தங்கும்போதுதான் பெற்றோர் பெற்றோராக இருக்க முடிகிறது. தலை பின்னிவிட வேண்டும், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை டெஸ்டுக்குப் படிக்க வைக்க வேண்டும். பொம்மை வாங்கித் தரும் விருந்தாளியாக ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்த ஏற்பாடு நிற்பதும் விழுவதும் உத்தரவின் நுணுக்கத்தில்தான். ‘வார இறுதி’ என்றால் வெள்ளி மாலையா, சனி காலையா? யார் கொண்டுவந்து விடுவது? தீபாவளி இந்த வருடம் இவரிடம் என்றால் பொங்கல் யாரிடம்? மே மாத விடுமுறையில் முதல் பாதியா, பின் பாதியா? ரிப்போர்ட் கார்டில் யார் கையெழுத்து? பாஸ்போர்ட் யார் கையில்? இவற்றை எழுதாமல் விட்ட உத்தரவு, அடுத்த மனுவுக்கு அச்சாரம். பெற்றோர் வெவ்வேறு ஊரில் இருந்தால் வார இறுதி நடக்காது. நீண்ட விடுமுறைகளைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோருக்கும் தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேசும் உரிமை வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வரியைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, சரிபாதி வளர்ப்பு. கே.எம். வினயா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடம், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடம் என்று உத்தரவிட்டது. பையனுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வயது என்பதால் அது பொருந்தியிருக்கலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது ஒரு யுகம். 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டு வளர்ப்பைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. ஆனால் அதையே எல்லோருக்கும் பொது விதியாக்கச் சொல்லவில்லை. அந்த நிதானம் சரியானது. ஆஸ்திரேலியா 2006-இல், பொறுப்பில் இருவருக்கும் சம பங்கு என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்ற அனுமானத்தைக் கொண்டுவந்தது. நேரத்திலும் சரிபாதி தங்கள் உரிமை என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். கடைசியில் அந்த அனுமானமே நீக்கப்பட்டு, புதிய சட்டம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வீடும் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்து, இருவரும் முகம் கொடுத்துப் பேசுகிறவர்களாகவும் இருந்தால் சரிபாதி நன்றாகவே நடக்கும். வன்முறை இருந்த வீட்டில் அதைக் கேட்பதே தவறு. ஜீவனாம்சத்தைக் குறைக்கலாம் என்ற கணக்கில் கேட்பவர்களையும் நீதிமன்றம் அடையாளம் காண வேண்டும்.

பணத்தையும் சந்திப்பையும் முடிச்சுப் போடவே கூடாது. ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையைக் காட்ட மறுப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் தப்பு. இரண்டுக்கும் தனித்தனியே மனு போட வழி இருக்கிறது.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கேட்கலாம். தனியே தன் அறைக்கு அழைத்துப் பேசுவதும் வழக்கம். ஆனால் ஒருவரிடமே வளர்ந்த பிள்ளை அவர் சொல்வதையே சொல்லும். விவேக் சிங் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் இதைக் கணக்கில் எடுத்தது. தந்தையிடம் வளர்ந்த சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது.

இங்கே எந்த உத்தரவும் கல்லில் பொறித்தது அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். நடைமுறையில் நடப்பது வேறு. வழக்கு இழுத்துக்கொண்டே போக, இடைக்கால ஏற்பாடே பழகிப் போய் நிரந்தரமாகிவிடுகிறது. அதனால் முதல் ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போடும்போதே இரவுத் தங்கலையும் விடுமுறையையும் சேர்த்துக் கேளுங்கள். குழந்தை உங்களிடம் இருந்தால், வேண்டாம் என்று மட்டும் எதிர் மனு போடாமல், எந்த நாட்கள், எந்த நிபந்தனையில் சம்மதம் என்று வக்கீலிடம் சொல்லி எழுத வையுங்கள்.