கடலுக்கு ஒரு கணக்கு, கரண்டுக்கு ஒரு கணக்கு

பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரு புள்ளிமான் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மான் நிற்பது திருகோணமலைக்காரருக்குப் புதினமில்லை. கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, வாயில் இருந்தது புல்லில்லை, சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட். குழம்பு மணம் போகாத லஞ்ச் ஷீட். நான் ஒரு பக்கம் இழுத்தேன், மான் மறுபக்கம் இழுத்தது. பாதி என் கைக்கு வந்தது, மீதி உள்ளே போய்விட்டது.

அன்று பின்னேரம் வீட்டில் ஏசி வாங்குகிற பேச்சு. கச்சான் காற்று தொடங்கினால் உப்புவெளியில் எங்கள் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே இரவு பதினொரு மணிக்கும் தலையணை சுடும். "இந்த முறை ஒண்டு பூட்டுவம்" என்றார் இவர். நான் யோசித்ததைப் பார்த்துவிட்டு, "நீர்தான் பொலித்தீன் பாவிக்கிறேல்லையே. அதுக்கும் இதுக்கும் சரிக்குச் சரி" என்று ஒரு நியாயமும் சொன்னார்.

சரிக்குச் சரியா? அந்த ஒரு வசனம்தான் என்னை ஒரு கொப்பியும் பேனையுமாக உட்கார வைத்தது. சூழலுக்காக நாங்கள் வீட்டில் செய்கிறவற்றையும் செய்யாமல் விடுகிறவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பத்தி போட்டேன். ஒன்று கடலுக்கு: மண்ணிலும் தண்ணியிலும் மானின் வயிற்றிலும் போய்ச் சேர்வது. மற்றது கரண்டுக்கு: புகையாய் மேலே போவது. ஒன்றில் வென்றது மற்றதில் தோற்றது. அதுதான் இந்த விஷயத்தில் எல்லாரும் குழம்புகிற இடம்.

பை

எங்கள் வீட்டுக் கதவில் மூன்று தொங்கும்: ஒரு துணிப் பை, அம்மா விட்டுப்போன பனையோலை உமல், நாலாய் மடித்த பழைய ஷொப்பிங் பைகள் ஒரு கட்டு. பார்வைக்கு வெல்வது துணிப் பை. ஆனால் பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும், நூற்று நெய்யக் கரண்ட் வேண்டும். பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையை 131 தடவை பாவித்தால்தான், ஒரே தடவை பாவித்து எறிகிற மெல்லிய கடைப் பையோடு காலநிலைக் கணக்கில் அது சமமாகும் என்று இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தடவை மாக்கெட் என்றால் ஒன்றேகால் வருடம். என்னிடம் எட்டுத் துணிப் பைகள் இருக்கின்றன. கருத்தரங்கிலும் கலியாண வீட்டிலும் 'சூழலைக் காப்போம்' என்று அச்சடித்துத் தந்தவை. எட்டையும் சமப்படுத்த எனக்குப் பத்து வருடம் வேண்டும்.

ஆகக் கரண்டுப் பத்தியில் ஷொப்பிங் பைக்குத்தான் வெற்றி. கடல் பத்தியில் அதுவே கடைசி. கார்த்திகை மழைக்கு வாய்க்காலில் அடிபட்டு டச்சு வளைகுடாவுக்குப் போவது துணியும் ஓலையும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கெட்டிக்காரத் தெரிவு புதிதாக எதையும் வாங்காததுதான். வீட்டில் எது கிடக்கிறதோ அதையே கிழியும் வரை கொண்டுபோவது. மடித்து வைத்த பழைய ஷொப்பிங் பையைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனாலும் நல்லதுதான், காற்றில் பறக்க விடாத வரைக்கும். 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பையைச் சும்மா தரக் கூடாது, காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காசு சின்னதுதான். ஆனாலும் "பை வேணுமா?" என்று ஒரு கேள்வி வந்து நிற்கிறதே, அதற்கே பலர் வேண்டாம் என்று விடுகிறார்கள்.

மீனுக்கு மட்டும் இந்த நியாயமெல்லாம் நிற்காது. ஒருநாள் உமலில் சூரை வாங்கினேன். வீடு வரும்வரை இரத்தத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஸ்கூட்டியின் கால்தட்டு முழுக்க. தெரு நாய் இரண்டு ஒழுங்கை முடியும்வரை கூடவே வந்தன. அந்தக் காலத்தில் உமலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், சொட்டினால் மண்ணில் சொட்டும். இப்போது உமலுக்குள் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா வைக்கிறேன். மீன்கார நானா சிரித்தார்: "தங்கச்சி, வால் வெளிய நிக்குமே." "நிண்டா நிக்கட்டும் நானா, ரெண்டா வெட்டிப் போடுங்க."

சோற்றுப் பார்சலிலும் இதே கதை. லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் என்கிற நுரைப் பிளாஸ்டிக் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, பிளேட், ஏன் இடியப்பத் தட்டு வரைக்கும் தடைப் பட்டியலில் ஏறியது. மானுக்குத்தான் இன்னும் வர்த்தமானி போய்ச் சேரவில்லை. வாட்டிய வாழையிலை எல்லாரையும்விட நல்லது, மணத்துக்கே ஒரு பிடி கூட இறங்கும். ஆனால் பகல் பன்னிரண்டு மணி நெரிசலில் இலை வாட்ட எந்தக் கடையில் ஆள் இருக்கிறது? நான் எவர்சில்வர் கரியர் கொண்டுபோகிறேன். கடையில் முதலில் முகம் சுளித்தார்கள், அளவு தெரியாதாம். பிறகு கோப்பையில் போட்டுப் பார்த்துக் கவிழ்க்கப் பழகிவிட்டார்கள். பருப்புக் கறி இரண்டு கரண்டி கூடவே விழுகிறது என்பதை இங்கே இரகசியமாகச் சொல்லி வைக்கிறேன்.

அடுப்பு

இதில்தான் எனக்கே என் முடிவு பிடிக்கவில்லை.

2022 மே மாதம் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் சிலிண்டர் இல்லை. வெறும் சிலிண்டர்கள் தெருவோரம் ஆட்களைப்போல வரிசையில் நின்றன. அப்போது பின்வளவில் ஓர் அனகி அடுப்பு வைத்தோம். இரண்டு பானை வைக்கிற மண் அடுப்பு. மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவு. மட்டை, பாளை, சிரட்டை எல்லாம் வளவிலேயே கிடந்தன. தென்னை காற்றிலிருந்து எடுத்த காபனையே திருப்பிக் கொடுக்கிறது, ஆகவே கணக்கில் இது சுத்தம். சமையலும் தனி ருசி. அப்படியானால் விறகுதான் வெற்றியா?

இல்லை. அந்த மூன்று மாதமும் எனக்கு இருமல். சமையல் புகையால் வீட்டுக்குள் கெடும் காற்று 2020இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் உயிரை எடுத்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெண்களும் பிள்ளைகளும்தான் அடுப்புக்குக் கிட்ட நின்றவர்கள். 'பழைய முறைதான் நல்லது' என்று முகநூலில் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஊதுகுழல் பிடித்தவர்கள் என்று கேட்கத் தோன்றும். விறகு வளவில் விழுந்ததாக இல்லாமல் கண்டல் காட்டில் வெட்டியதாக இருந்தால் கடல் பத்தியிலும் அது தோற்கும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்த வேருக்குள்தான்.

காஸ் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ காபனீரொட்சைட்டு. சுவாலையின் சூட்டில் பாதிதான் பானைக்குள் போகிறது, மீதி குசினியைச் சுட வைக்கிறது. ரைஸ் குக்கர் அப்படி வீணாக்காது. ஆனால் அதற்கு வருகிற கரண்ட் எங்கிருந்து? நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம். மலைநாட்டில் மழை கொட்டினால் நீர்மின்சாரம் கூடும், வறண்டால் எண்ணெய் எரியும். சராசரியாக ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோ அரிசி காஸில் வெந்தாலும் குக்கரில் வெந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கூரையில் சோலர் உள்ளவர் பகலில் குக்கர் போட்டால் அவருக்குத் தெளிவான வெற்றி. எங்களுக்குச் சோலர் இல்லை.

கரண்டை முழுசாக நம்பவும் முடியாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். குக்கரில் சோறு பாதி வெந்த நேரம் நாடு முழுக்க இருண்டது. பாணந்துறையில் உப மின் நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கைப் பழி சொல்லிக்கொண்டே சோற்றை அனகி அடுப்புக்கு மாற்றினேன்.

ஆக இப்போது மூன்றும் வைத்திருக்கிறேன்: சோற்றுக்குக் குக்கர், கறிக்குக் காஸ், கிழங்கு அவிக்கவும் நெல் புழுக்கவும் வெளியே விறகு. பருப்பை ஊறவைப்பதும் பானையை மூடுவதும்தான் மூன்றிலும் மிச்சம் பிடிக்கிற வேலை. இதைச் சொன்னால் யாரும் கை தட்டுவதில்லை.

குப்பை

பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு புகை எழும். முற்றம் கூட்டி எரிக்கிறது. சருகோடு யோகட் கப்பும் போகும். நுளம்புக்கு நல்லது என்பார்கள். எரிக்கிறவருக்குக் குப்பை மறைகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சில் வருகிறது. பிளாஸ்டிக் எரிந்த புகையில் டயொக்சின் வகை நஞ்சுகள் உண்டு. இரண்டு பத்தியிலும் தோற்கிற ஒரே வழி இதுதான்.

குப்பை வண்டிக்குக் கொடுப்பது பரவாயில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தால் சோறும் மீன் செதிலும் மேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகி மீதேன் ஆகும். நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 27, 28 மடங்கு சூடாக்கும் வாயு அது. கொழும்புக்குக் கிட்ட மீத்தொட்டமுல்லையில் 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் குப்பை மேடு வீடுகள்மேல் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டில் சேர்வதில் பெரும்பகுதி நனைந்த குப்பைதான். அதை வளவிலேயே நிறுத்தினால் வண்டிக்குப் போவது ஒரு சின்னப் பை.

நாங்கள் அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய பரலில் போடுகிறோம். ஒரு கை ஈரக் குப்பைக்கு இரண்டு கை காய்ந்த சருகு. இந்த அளவு பிடிபட எனக்கு இரண்டு மாதம் போனது, முதல் பரலில் புழுவும் நாற்றமும், பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "பிள்ளை, என்ன செத்துக் கிடக்குது?" என்று கேட்டார். மீன் கழிவை மட்டும் பரலில் போடுவதில்லை, முருங்கைக்கு அடியில் ஒரு முழ ஆழத்தில் தாழ்க்கிறேன். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தி விவசாயிகளை நட்டாற்றில் விட்டார்களே, அதற்குப் பிறகு கந்தளாய்ப் பக்கத்து வயற்காரரிடம் 'சேதனப் பசளை' என்று வாயெடுக்க முடியாது. அது வயலின் கதை. நாலு கத்தரி, ஒரு முருங்கைக்குப் பரல் போதும்.

சைக்கிளா ஸ்கூட்டியா என்பதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டவுனுக்கு ஐந்து கிலோமீற்றர் சொச்சம். காலை ஏழு மணிக்குச் சைக்கிள் வெல்லும், பகல் ஒரு மணிக்குத் தோற்கும். பெற்றோல் ஒரு லீற்றருக்கு 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. மாதம் முழுக்க ஸ்கூட்டியில் போய்வந்தாலும் எனக்கு 13 கிலோவைத் தாண்டாது. சாப்பாட்டில், மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வந்தாலும், மாட்டிறைச்சிக்குக் கிட்டவும் வராது. மாட்டின் வயிற்று மீதேனுக்கு முன்னால் கப்பல் பயணம் ஒரு தூசு.

ஏசி

கொப்பியின் கடைசிப் பக்கம். டவுனில் இருக்கிற அக்கா வீட்டில் சின்ன ஏசி, 9,000 பீடியூ. ஒரு சனிக்கிழமை அங்கே தங்கி, படுக்கும்போது ஒரு தடவை, எழும்பும்போது ஒரு தடவை மீற்றர் பார்த்தேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஐந்து யூனிட். பிரிட்ஜுக்கு ஒன்றைக் கழித்தாலும் நாலு. எங்கள் வீட்டில் ஃபான் இரவு முழுக்க ஓடினால் அரை யூனிட்.

மாதத்துக்கு 120 யூனிட். கரண்ட் பில் படிப்படியாக ஏறுகிற பில். 60ஐத் தாண்டினால் ஒரு வீதம், 90ஐத் தாண்டினால் இன்னொன்று, 180க்கு மேல் ஆக மோசம். 80க்குள் நிற்கிற எங்கள் வீடு நேரே மேல் படிக்குப் போய்விடும். காபனில் 60 கிலோ: ஸ்கூட்டியின் நாலரை மாதம், ஒன்றரைக் காஸ் சிலிண்டர். ஷொப்பிங் பையில் சொன்னால், பைக்கு 20 கிராம் போட்டாலும், நூறு பையைத் தவிர்ப்பது ஓர் இரவு ஏசி.

இவரிடம் கொப்பியைக் காட்டினேன். நிதானமாக வாசித்தார். "அப்ப பையெல்லாம் சும்மா வேலையா?" என்றார்.

"ஏசியை நிப்பாட்டினா மான்ர வயித்துக்க கிடக்கிறது வெளிய வருமோ?"

அவர் பேசவில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாத இரண்டு கடன் அவை. அதை எழுதி வைத்தபோது எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்லும்போது அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை.

ஆனால் வெக்கை வெக்கைதானே. ஏசிக்கு எதிராகக் கூரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று முடிவு. கூரைக்கு மேலே வெள்ளைப் பெயின்ட், மேற்குச் சுவருக்கு ஒரு அடி இடைவெளி விட்டுக் கிடுகு. அஸ்பெஸ்டஸைக் காய்ந்தபடி சுரண்டவோ தேய்க்கவோ கூடாது, நார்த்தூசி நுரையீரலுக்கு ஆகாது. நன்றாக நனைத்துப் பாசியை மெல்லத் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். போன மாதம் குசினிக்கு மேலே மட்டும் அடித்துப் பார்த்தோம். பகல் இரண்டு மணிக்கு உள்ளே நின்று ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டேன்: படுக்கையறையில் கை வைக்க முடியாது, குசினியில் வைத்துக்கொண்டு நிற்கலாம்.

கிடுகு நிலாவெளியில் ஒருவர் பின்னித் தருகிறார். நாற்பது கேட்டிருக்கிறோம், சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு தருவாராம். இவர் ஏசிக் கடைக்காரரின் நம்பரை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை.