கேம்பர் வேனில் இன்வர்ட்டர் மாட்டப் போகிறீர்களா? 68,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் சொல்கிறேன்

சனிக்கிழமை ராத்திரி கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தாபா ஓரமாக எங்கள் கேம்பர் வேனை, அதாவது கட்டிலும் அடுப்பும் வைத்த வண்டியை, நிறுத்தியிருந்தோம். அம்மா கஞ்சி வைக்க இண்டக்ஷன் அடுப்பைப் போட்டார். நாலாவது நிமிடம் இன்வர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. அப்புறம் ஒயர் கருகும் நாற்றம். அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்து! அவரைத் தூக்கத்திலேயே வெளியே இழுத்து வந்தேன். 74 வயது அவருக்கு.

போன மாதம்தான் பெங்களூரில் ஒரு வேன் ஆல்டரேஷன் பட்டறையில் இந்த இன்வர்ட்டரை மாட்டிக்கொண்டேன். 68,500 ரூபாய். ஜேசி ரோட்டில் நாலைந்து கடை ஏறி, அரைகுறைக் கன்னடத்தில் பேசிச் சலித்துப்போன நேரத்தில் இந்தப் பட்டறைக்காரர் கிடைத்தார். "எந்த ஊரு தம்பி?" என்றார். சேலம் என்றதும் முகமே மாறிவிட்டது. வீட்டிலிருந்து கொண்டு வந்த புளியோதரையில் பாதியை மூடியில் எடுத்து வைத்து என்னிடம் நீட்டினார். "அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டி, நம்ம வீட்டு வண்டி மாதிரி பண்ணித் தரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன். பில்கூடக் கேட்கவில்லை.

அவர் செய்த வேலை இது. பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால். இன்வர்ட்டர் வண்டியின் பின்கோடியில், கட்டில் பெட்டிக்குள், போர்வைகளோடு. "அங்க வச்சாத்தான் பார்க்க நீட்டா இருக்கும்." நடுவில் 5 மீட்டர் தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்எம் ஒயர், தரைவிரிப்புக்கு அடியில். அந்தத் தூரத்துக்கு அது மெல்லிசு. ஃபியூஸ் கிடையாது. 12 வோல்ட்டில் 1,000 வாட்ஸ் இழுத்தாலே 83 ஆம்பியர். இன்வர்ட்டரின் இழப்பைச் சேர்த்தால் 90க்கு மேல். போக 5, வர 5 என்று பத்து மீட்டர் ஒயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் வீணாகிவிடும். அப்படி வீணாகும் பவர் முழுக்கச் சூடாகத்தான் மாறும். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஒயரின் சிவப்பு உறை இளகி, தகரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. இன்வர்ட்டரைத் தொட முடியவில்லை. அதன் ஃபேன் வாய்க்கு முன்னால் அம்மாவின் கம்பளி.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "லோடு அதிகமாப் போட்டிருப்பீங்க." மறுபடி செய்தேன். "இன்வர்ட்டர் ஓடுதுல்ல? வாரண்டி அதுக்குத்தான், ஃபிட்டிங்குக்கு இல்ல." மூன்றாவது முறை பையன் எடுத்தான்: "அண்ணன் சைட்டுக்குப் போயிருக்காரு." படங்களை வாட்ஸப்பில் அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இன்று மதியம் நேரிலேயே போனேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பில் இருக்கா?" என்றார். என்னிடம் இருப்பது அவருடைய விசிட்டிங் கார்டு. பின்பக்கம் பேனாவில் 68500 என்று எழுதி, கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். எங்கே மாட்டுவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்வர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓரிரு மீட்டருக்குள், தடித்த ஒயரில். பக்கத்தில் என்றதும் ஒரே பெட்டிக்குள் திணிக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். காற்று வந்துபோக வழி, தண்ணீர் படாத இடம், மேலே துணிமணி கூடாது. பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். மூடுவதற்கு முன் நீங்களே குனிந்து பாருங்கள். ஊர் பெயர் கேட்டு உறவாடினார் என்று பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள்.

பணம் கட்டிய யுபிஐ ரசீது போனில் இருக்கிறது. காலையில் நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிடப் போகிறேன். 68,500 ரூபாய், அம்மாவின் சீட்டுப் பணம் அது.