பம்ப்செட்டுக்குச் செல்போன் ஸ்டார்ட்டர்: எது தேறும், எது தேறாது

கடைக்காரர் சொல்லும் முதல் வசனம், "வீட்டில இருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம்". ஸ்டார்ட்டரோடு இணைத்து, சிம் போட்டு, போன் மூலம் மோட்டாரை இயக்கும் செல்போன் ஸ்டார்ட்டர் பெட்டி எதுவானாலும் அதைச் செய்துவிடும். மும்முனை கரண்ட் நடுராத்திரியில் வரும் ஊரில், டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கும் அலைச்சல் மிச்சம். ஆனால் விலைக் குறைவான பெட்டியையும் நல்ல பெட்டியையும் பிரிப்பது ஒன்றுதான்: மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அதற்குத் தெரியுமா?

தெரியாத பெட்டி வாய் கூசாமல் பொய் சொல்லும். கான்டாக்டரின் (ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பாயின்ட் தீய்ந்து ஒட்டிக்கொண்டால், நீங்கள் ஆஃப் கொடுத்ததும் "மோட்டார் நின்றுவிட்டது" என்று மெசேஜ் வரும். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பேஸ் (மும்முனைக் கரண்டில் ஒரு முனை) போவதிலும் இதே கதை. ஓடுகிற மோட்டாரில் ஒரு பேஸ் போனாலும், மோட்டாரே அந்த முனையில் ஓரளவு வோல்டேஜை உண்டாக்கிவிடும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் கருவி ஏமாந்துபோகும். மிச்சமிருக்கும் இரண்டு பேஸும் சேர்ந்து சுமையைத் தூக்க, மோட்டாரின் காயில் சுருள் கருகும். ஆகவே குறைந்தது இரண்டு பேஸ் ஒயரிலாவது ஆம்பியரை அளக்கும் சி.டி. வளையம் மாட்டும் மாடலாக வாங்குங்கள்.

தண்ணீர் இல்லாமல் ஓடும்போது நிறுத்துவதுதான் இதன் பெரிய வேலை. சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரால்தான் குளிர்கிறது. போர்வெல்லில் தண்ணீர் இறங்கி ஏர் வாங்கினால் ஆம்பியர் குறையும். வழக்கமாக 8 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 6 என்று வைத்தால், அதற்குக் கீழே இறங்கிய சில நொடிகளில் நிறுத்திவிடும். அளவு வைக்கும் நேரம்தான் சிக்கல். பல எலக்ட்ரீஷியன்கள் கேட்வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, வரும் ஆம்பியரைக் கணக்கில் எடுத்துப் போய்விடுகிறார்கள். மறுநாள் சொட்டுநீரில் ஒரே ஒரு வால்வைத் திறந்தால் தண்ணீர் ஓட்டம் குறைகிறது, ஆம்பியரும் குறைகிறது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டார் நிற்கிறது. நீங்கள் பாய்ச்சுவதில் மிகக் குறைந்த ஓட்டம் எதுவோ அதை ஓடவிட்டு, அதற்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் ஒருமுறை சரிபாருங்கள். தண்ணீர் ஊற நேரம் விட்டு மறுபடி தானாக ஓட்டும் வசதி இருந்தால், உங்கள் கிணறு ஊறும் வேகத்தைப் பார்த்து நிமிடங்களைக் கொடுங்கள்.

ஒயரிங் பெரிய வித்தை இல்லை. கருவிக்குள் ரிலே என்னும் சின்ன சுவிட்சுகள் இரண்டு இருக்கும்: ஸ்டார்ட் ரிலே பச்சை பட்டனுக்கு இணையாக, ஸ்டாப் ரிலே சிவப்பு பட்டனுக்குத் தொடராக. ஸ்டாப் ரிலேயில் என்.சி. இணைப்பைத்தான் (ரிலே இயங்காதபோது மூடியிருப்பது) பயன்படுத்த வேண்டும். என்.ஓ.வில் (ரிலே இயங்காதபோது திறந்திருப்பது) மாட்டிவிட்டால், கருவி செத்த அன்று கையால் பச்சை பட்டனை அமுக்கினாலும் மோட்டார் தொடர்ந்து ஓடாது. கையை எடுத்ததும் நின்றுவிடும், அல்லது கிளம்பவே செய்யாது. கைப்பிடி இழுத்துப் போடும் பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு இந்தப் பெட்டி உதவாது. ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அடிக்கடி படுத்துவது சிம்தான். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி மாடலில் ஜியோ சிம் எடுக்கவே எடுக்காது. இன்று புதிதாக வாங்குபவர் 4ஜி மாடலாக வாங்குவதே நல்லது. ரீசார்ஜ் மறந்தால் கருவி ஊமை, அவ்வளவுதான். ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் சுருட்டி வைக்காதீர்கள், வெளியே எடுத்து உயரத்தில் மாட்டுங்கள். ஒயர் போகும் துளையையும் அடைத்துவிடுங்கள்; பல்லியும் எறும்பும் கான்டாக்டருக்குள் புகுந்து செய்யும் கோளாறைக் கருவியின் தலையில் கட்டுவது சகஜம்.

மும்முனை மோட்டாரைக் கண்டன்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்கள், பேஸ் போனால் நிறுத்தும் பாதுகாப்பை அணைத்தால்தான் ஓடுகிறது என்று அணைத்துவிடுகிறார்கள். பிறகு மோட்டார் கருகினால் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆட்டோ மோட் வசதிதான், கரண்ட் வந்ததும் தானே ஓடும். ஆனால் ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். 2, 3 நிமிடத் தாமதம் கொடுங்கள். கிணற்றில் இறங்கி வேலை பார்க்கும்போது ஆட்டோவை அணைத்தால் மட்டும் போதாது, வீட்டிலிருந்து யாராவது போன் போட்டு ஆன் செய்யலாம். மெயினை இறக்கி, பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வாங்கும்போது வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் கேளுங்கள். இந்தக் கருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள்; இப்போதும் உண்டா என்று விசாரியுங்கள். அதற்காக ஆம்பியர் காட்டாத பெட்டி பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.