"தானியங்கிப் பொருளடக்கம்" என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கிய டி.டி.பி. கடை: ஆய்வேடு கொடுக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், கடைக்காரர் அடுத்த ஆளிடமும் இதையே செய்வார்.

கடைப் பெயரைப் போடவில்லை. கும்பகோணம் பக்கம், "டைப்பிங், பிரிண்டிங், பைண்டிங், புராஜெக்ட், ஆய்வேடு அனைத்தும் ஒரே இடத்தில்" என்று பிளக்ஸ் வைத்த டி.டி.பி. கடை. அந்த மாதிரிக் கடை டெல்டாவில் ஊருக்கு நாலு இருக்கும். எந்தக் கடையில் கொடுத்தாலும் கடைசியில் நான் சொல்வதைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

என் ஆய்வேடு அரசலாறு, குடமுருட்டி வாய்க்கால்களைப் பற்றியது. ஏழு இயல், ஒவ்வொன்றிலும் உட்தலைப்பு, அதற்குள் சிறு தலைப்பு என்று முந்நூற்றைம்பது பக்கம் சொச்சம். எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடில் நானே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். கடையில் கொடுத்தது பக்க வடிவமைப்பும் பொருளடக்கமும், அப்புறம் ஐந்து பிரதி பிரிண்ட் எடுத்துக் கெட்டி அட்டை பைண்டிங்கும். வடிவமைப்புக்கு 4,000, பிரிண்ட், பைண்டிங்குக்கு 4,500. ஆக 8,500 ரூபாய். நான் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் எந்த மாதம் எந்தத் தேதிக்கு வரும் என்று கேட்காதீர்கள். தாளடி நடவுக்கு ஆள் கூலி என்று அப்பா ஒதுக்கி வைத்திருந்ததில் இருந்து வாங்கிக்கொண்டு போன பணம் அது.

ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்களும் நம்பியிருப்பீர்கள். கோப்பைத் திறந்து மேலோட்டமாக ஓட்டிக்கொண்டே வந்த கடைக்காரர், நாலாம் இயலில் ஒரு அட்டவணையில் நின்றார். "சார், இந்தக் குறுவை, சம்பா பரப்பு கூட்டுத்தொகை இடிக்குதே, ஒரு தடவை பாருங்க" என்றார். பார்த்தால் நிஜமாகவே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அத்தனை பேர் படித்த அட்டவணை, யார் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அந்த இடத்தில் விழுந்தேன். அப்புறம் டீ வரவழைத்தார். திரையில் பொருளடக்கப் பக்கத்தைக் காட்டினார். இடப்பக்கம் தலைப்பு, வலப்பக்கம் எண், நடுவே சீராகப் புள்ளிகள். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், இயல் ஒன்றில் இருந்து சாதா எண். "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார். நீங்க நடுவுல நூறு பக்கம் சேர்த்தாலும் தானா மாறிக்கும்" என்றார். முழுத்தொகையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

அதன்பின் நெறியாளர் அம்மா ஒரு திருத்தம் சொன்னார். இரண்டாம் இயலில் 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் நடந்த ஒப்பந்தத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறாய், அது இல்லாமல் மேட்டூர் அணை ஏது, விரித்து எழுது என்றார். நியாயம்தான். ஒப்பந்தம், மறு ஆண்டு தொடங்கிய அணை வேலை, 1934இல் அணை திறந்தது, அதன் பிறகு கடைமடை வரை முறைப்பாசனம் எப்படி மாறியது என்று மூன்று பக்கம் எழுதிக் கடையில் கொடுத்தேன். வேறு இரண்டு உட்தலைப்புகளை எடுக்கவும் சொன்னேன். "பொருளடக்கமும் மாறணுமே" என்று வாய்விட்டுக் கேட்டேன். "அதுக்குத்தானே சார் ஆட்டோமேட்டிக்" என்று பதில் வந்தது. ஐந்து பிரதியும் தங்க எழுத்து அட்டையோடு தயாராகிவிட்டன.

நெறியாளர் அம்மா கையெழுத்துப் போடும் முன் பொருளடக்கத்தை விரித்தார். இயல் 5, பக்கம் 187 என்று இருந்தது. 187ஐத் திருப்பினால் நாலாம் இயலின் வாய்க்கால் அட்டவணை பாதியில் நிற்கிறது. இயல் 5 இருந்தது 190இல். இரண்டாம் இயலுக்குப் பிறகு ஒரு தலைப்புகூட அதன் எண்ணில் இல்லை, எல்லாம் மூன்று பக்கம் தள்ளி. நான் எடுக்கச் சொன்ன இரண்டு உட்தலைப்புகளும் பொருளடக்கத்தில் மட்டும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. "என்னப்பா இது, இப்படியா கொண்டு வருவே" என்று கேட்டார். ஐந்து பிரதியையும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

கல்லூரியில் கணினித் துறைத் தம்பி ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தார். பொருளடக்கத்தின் மேல் ஒரு தடவை சொடுக்கினார். வேர்டில் உண்மையான தானியங்கிப் பொருளடக்கம் என்றால் அது மொத்தமாகச் சாம்பல் நிறத்துக்கு மாறுமாம். இங்கே எந்த மாற்றமும் இல்லை, கர்சர் மட்டும் போய் நின்றது. அப்புறம் மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினார். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு வரியிலும் தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே இருந்தவை கையால் தட்டிய முற்றுப்புள்ளிகள். மார்கழி வாசலில் வைத்த மாதிரி வரிசை வரிசையாகப் புள்ளி. எண்ணையும் கையால்தான் அடித்திருக்கிறார்கள். "அண்ணே, இது பொருளடக்கமே இல்லண்ணே, பொருளடக்கம் மாதிரி ஒரு பக்கம்" என்றார் தம்பி.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். பொருளடக்கம் தானாக வர வேண்டுமென்றால், இயல் தலைப்புக்கு "ஹெடிங் 1", உட்தலைப்புக்கு "ஹெடிங் 2", அதற்கும் கீழே "ஹெடிங் 3" என்று ஸ்டைல், அதாவது இது தலைப்பு என்று வேர்டுக்குச் சொல்லும் அடையாளம், கொடுத்திருக்க வேண்டும். "ரெஃபரன்சஸ்" பட்டியலில் "டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்" போட்டால், வேர்டு அந்த ஸ்டைல் உள்ள வரிகளை மட்டும் தேடி எடுத்துப் பக்க எண்ணோடு அடுக்கும். என் கோப்பில் ஒரு தலைப்புக்குக்கூட ஸ்டைல் இல்லை, எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கியதோடு சரி. வேர்டின் கண்ணுக்கு என் ஆய்வேட்டில் இயலே கிடையாது. "வியூ"வில் போய் நேவிகேஷன் பேனைத் திறந்தால் தலைப்புகள் வரிசையாக நிற்க வேண்டும், எனக்கு வெறும் வெள்ளைக் கட்டம். புது இயல் புதுப் பக்கத்தில் தொடங்குவதற்குப் பேஜ் பிரேக் போடாமல் என்டரைத் தட்டித் தட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். ஒழுங்காகப் போட்ட பொருளடக்கம்கூட நாம் தட்டச்சு செய்யச் செய்யத் தானாக மாறிக்கொண்டே இருக்காது. அதன் மேல் வலது சொடுக்கி "அப்டேட் ஃபீல்டு" கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விசைப்பலகையில் எஃப் 9. பக்க எண் மட்டும் மாற வேண்டுமா, முழுப் பட்டியலுமா என்று அது கேட்கும். தலைப்பைச் சேர்த்திருந்தாலோ எடுத்திருந்தாலோ முழுப் பட்டியலைத்தான் கொடுக்க வேண்டும். ஆக "தானா மாறிக்கும்" என்று கடைக்காரர் சொன்னதே பொய்.

சரி, ஸ்டைல் கொடுத்துப் புதிதாகப் போட்டுவிடலாமே என்று தம்பி உட்கார்ந்தார். பொருளடக்கம் வந்தது, முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக! "பிரிண்ட்ல நல்லா வரும்" என்று என் யூனிகோடை மொத்தமாகப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. பொருளடக்கத்தின் ஸ்டைலில் வேறு எழுத்துரு இருந்தால் உள்ளே கிடப்பது அப்படியே வெளியே வந்துவிடும். திரும்ப யூனிகோடுக்கு மாற்றினால், இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ்க் குப்பையாகின்றன. என் பழைய கோப்பு இருக்கிறது. ஆனால் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்த திருத்தம் எல்லாம் அவர்கள் கோப்பில்தான். தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு 2010லேயே ஆணை போட்டாயிற்று, இவர்கள் இன்னும் பாமினியை விட்டபாடில்லை.

கடைக்குப் போனேன். "வேர்டு வெர்ஷன் மாறினா அப்படித்தான் சார் ஆகும்" என்றார். கையால் அடித்த புள்ளியும் எண்ணும் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுமா என்றால் பேச்சில்லை. பிறகு "செஞ்ச ஆபரேட்டர் லீவு". மறுபடி போனால் கரண்ட் இல்லை, அடுத்த கடையில் மின்விசிறி ஓடுகிறது. அப்புறம் "ஓனர் திருநள்ளாறு போயிருக்கார், வந்ததும் பேசுங்க". டீ வாங்கிக் கொடுத்தவர்தான் ஓனர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரே இதைச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டேன், நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "மூணு பக்கம்தானே சார் வித்தியாசம், யாரு எண்ணிப் பாக்கப் போறா?" 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? திருத்திப் புதிதாகப் பிரிண்ட் எடுக்க இன்னும் 3,000 ஆகும், பைண்டிங் தனி என்றும் சொன்னார். அட்டவணையில் ஒரு வரி விட்டுப்போனது மட்டும் இவர் கண்ணில் பட்டதாம்!

ரசீது கேட்டேன். துண்டுச் சீட்டில் "டி.டி.பி. வேலை, 8,500" என்று எழுதிக் கொடுத்தார். எதற்கு எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் 8,500க்காக அங்கேயும் போகத் தயார்.

எப்படிச் செய்வது என்று படத்தோடு விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை, ராத்திரி முழுக்கக் கோப்பைச் சரிசெய்ய வேண்டும். அவசரத்துக்கு இது மட்டும். பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள், பொருளடக்கத்தில் எஃப் 9 அடிக்கச் சொல்லுங்கள், எண் மாறுகிறதா பாருங்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு தலைப்பைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்துக்குத் தாவ வேண்டும். யூனிகோடிலேயே இருக்கட்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். பி.டி.எஃப். மட்டும் கொடுத்தால் விடாதீர்கள், வேர்டு கோப்பையும் வாங்குங்கள். முழுத்தொகையை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், பைண்டிங்கை வேறு கடையில் கொடுங்கள்.

மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் பைண்டிங் மட்டும் ஒழுங்காகச் செய்கிறவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்குள் ஐந்து பிரதி வேண்டும். பொருளடக்கத்தை இந்தத் தடவை நானே போட்டுக்கொள்கிறேன்.