புல்லட் கிளம்பவில்லை: பாயிண்டா, எலக்ட்ரானிக் கிட்டா?

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை உதைத்து ஓய்ந்தாயிற்று. கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கிறது. முதல் சந்தேகம் ஸ்பார்க் மேல்தான்.

பாயிண்ட், அதாவது மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் சிறு சுவிட்ச், தன் நோயைத் தானே காட்டிவிடும். சாவி போட்டு கிக்கரை மெல்ல மிதியுங்கள்: பாயிண்ட் மூடினால் ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். பேட்டரி நன்றாக இருந்தும் முள் அசையவில்லையா? பெரும்பாலும் முனையில் எண்ணெய் அல்லது கரி. உப்புத்தாளால் தேய்த்து, முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.35–0.40 மி.மீ. வையுங்கள். திறக்கும்போது பாயிண்டிலேயே பெரிய பொறி தெறித்தால், அதை அடக்க வேண்டிய கண்டென்சர் போய்விட்டது. விலை சொற்பம், மாற்றிவிடுங்கள். ஆனால் சுழலும் கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், இதே வேலை திரும்ப வரும்.

பாயிண்டுக்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் கிட்டில் இந்தத் தேய்மானம் இல்லை. பேட்டரி இறங்கினால்தான் பிடிவாதம். கிட் நடுவழியில் செத்தால் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். தினமும் ஓட்டுபவர் கிட் போடலாம். எப்போதாவது எடுப்பவருக்குப் பாயிண்டே மேல்.