பழைய காருக்கு வயரிங் மாற்றுகிறீர்களா? டேப் சுற்றும் முன் வயரை உரித்துப் பாருங்கள்

என் பழைய காரின் வயரிங்கை முழுவதும் மாற்றச் சொல்லி ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஏமாந்தேன். இன்னொருவர் வண்டியில் தீப்பிடித்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி திரும்பி வந்தபோது பார்க்க அழகாகவே இருந்தது. மெயின் லைனுக்கு பிரவுன், ஹெட்லைட்டுக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு என்று பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் நிறங்களை அப்படியே போட்டிருந்தார். முதல் ராத்திரியே ஹெட்லைட் அழுது வடிந்தது. கேட்டதற்கு, "பழைய வண்டி சார், லைட் இப்படித்தான் இருக்கும்" என்றார். நம்பி பல்பை மாற்றினேன். பலனில்லை. சில நாளில் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை.

அப்புறம்தான் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஹை பீம் எரியும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு முனையில் 11.6. வழியிலேயே 2.2 வோல்ட் போய்விட்டது. 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் ஓடும். அப்படியானால் 22 வாட் வயரைச் சூடாக்கவே செலவாகியிருக்கிறது. வோல்டேஜ் இந்த அளவு குறைந்தால் வெளிச்சம் பாதிக்குக் கிட்ட வந்துவிடும்.

ஒரு வயரை வெட்டி உரித்தேன். வெளியே தடித்த பிளாஸ்டிக், உள்ளே கம்பி வெறும் 0.5 சதுர மில்லிமீட்டர். இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம்! செம்பைவிட இதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். இதற்கு அவர் வைத்த ஃபியூஸ் 30 ஆம்பியர். ஃபியூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். இங்கே வயர் உருகினாலும் ஃபியூஸ் போகாது.

தெரியாமல் செய்தார் என்று விட்டிருப்பேன். ஆனால் பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும் இடங்களில் மட்டும் நல்ல செம்பு வயர். டேப்புக்குள் போனதும் மட்டமான வயரை ஒட்டுப் போட்டிருந்தார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வயரின் வெளித் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், இழைகளை எண்ணுங்கள். 0.30 மில்லிமீட்டர் இழை 28 இருந்தால் 2 சதுர மில்லிமீட்டர். சாதாரண பி.வி.சி. வயர் என்றால் 17.5 ஆம்பியர் தாங்கும், ஹெட்லைட்டுக்கு அதுதான் சரி. 14 இழை என்றால் 8.75 ஆம்பியர்தான், பார்க் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் போதும். டைனமோவை எடுத்துவிட்டு, அதைவிட அதிக மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் போட்டிருந்தால் பேட்டரிக்குப் போகும் பிரவுன் வயரையும் கட்டாயம் பெரிதாக்க வேண்டும். பழைய 44 இழை வயருக்கு 27.5 ஆம்பியர்தான் தாக்குப்பிடிக்கும். 60 ஆம்பியருக்கு 120 இழை வேண்டும். 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், அதே வாட்டுக்கு ஆம்பியர் இரட்டிப்பாகும்.

என் வண்டியில் எல்லாவற்றையும் பிரித்துச் செம்பு வயர் போட்டாகிவிட்டது. அதே ஹெட்லைட் லைனில் இப்போது குறைவது 0.4 வோல்ட்தான்.