ட்யூனர் ஆப்: நடுவர் மேசையில் எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். பள்ளி, கோயில் விழாப் போட்டிகளுக்கு நடுவராகவும் கூப்பிடுவார்கள். இப்போதெல்லாம் பக்கத்தில் உட்காரும் நடுவர் போனை மேசையில் வைத்து ட்யூனரைத் திறந்துவிடுகிறார். பாடுகிற சுரம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று ஊசியாலும் பச்சை, சிவப்பு நிறத்தாலும் காட்டுகிற ஆப் அது. மார்க் குறைந்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், ஆப் காட்டியது என்றால் பேசாமல் போய்விடுவார்கள் என்று ஒரு கணக்கு. நானும் கிடார்க்காரர்கள் வைத்திருக்கும் இலவச வகையில் ஒன்றை இறக்கினேன்.

பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் நம் கட்டைக் கணக்கெல்லாம் இதற்குத் தெரியாது. ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் பாடினால் சட்ஜத்துக்கு (ஸ) ஜி ஷார்ப் என்று மேற்கத்தியப் பெயரைக் காட்டும், மற்ற சுரங்களை நாமேதான் மாற்றிப் படிக்க வேண்டும். பழகிவிடும். கீபோர்டும் தபலாவும் சேர்ந்துவிட்டால் ஊசி எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தாவும். ஆகவே, பக்கவாத்தியம் இல்லாத முதல் சுற்றுக்கு மட்டும்தான் இது சரி.

அந்தச் சுற்றில் உண்மையிலேயே உதவுகிறது. பல்லவி முடிந்து சரணத்துக்குப் போவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அரைக் கட்டை கீழே வந்து முடிக்கிற பிள்ளைகள் நிறைய. கேட்கிற நம் காதும் கூடவே இறங்கிவிடும் என்பதுதான் சங்கடம். ஊசி இறங்காது. இந்த ஒன்றுக்காகவே வைத்திருக்கலாம்.

காந்தாரத்தில்தான் (க) வம்பு. தம்புராவோடு இழைந்து நிற்கிற அந்தர காந்தாரம் (காந்தாரத்தில் உயர்ந்த வகை) சட்ஜத்திலிருந்து 386 சென்ட். சென்ட் என்பது சுர இடைவெளியின் அளவு, கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100. ஆப்பில் இருப்பது எல்லா இடைவெளியையும் ஒரே அளவாக வைக்கும் கீபோர்டின் சமப் பங்கீடு, அதில் 400. சுத்தமாகச் சேர்த்துப் பாடிய பிள்ளைக்கு 14 சென்ட் குறைவு என்று சிவப்பு எரியும்! பஞ்சமத்தில் (ப) 702க்கு 700, அது பரவாயில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் மாதிரி அசைந்துகொண்டே இருக்கிற சுரத்துக்கு ஊசியைப் பார்க்கவே வேண்டாம், ஒரு இடத்தில் நிற்காது.

போன போட்டியில் ஒரு பையன் ஆரம்பம் முதல் கடைசிவரை பச்சையிலேயே பாடினான். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருந்தது. அடுத்து ஒரு பெண், சாருகேசி ராகத்தில் ஒரு மெல்லிசைப் பாட்டு. பஞ்சமத்துக்கு நேரே வராமல் அதற்கு மேலே உள்ள தைவதத்தில் தயங்கி, வழுக்கி இறங்கினாள். அந்த வழுக்கல் முழுக்கச் சிவப்பு. பாட்டின் வலியெல்லாம் அங்கேதான் இருந்தது. மேல் ஸ்தாயியில் மூச்சுப் போதாமல் சட்ஜத்தை எட்டாமல் விட்டாள், அதற்கும் அதே சிவப்பு. முதல் சிவப்புக்கு மார்க் கூட்ட வேண்டும், இரண்டாவதற்குக் குறைக்க வேண்டும். பக்கத்து நடுவர் இரண்டுக்கும் சேர்த்துக் குறைத்தார். அவர் தாளில் சுருதிக்கு ஒரு கட்டம், பாவத்துக்கு, அதாவது பாட்டின் உணர்ச்சிக்கு, தனியாக ஒரு கட்டம். பாவக் கட்டத்தை நிரப்ப அவர் முகத்தைப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கையை நெஞ்சில் வைத்தால் பாவம் என்று டிவி நம்மைப் பழக்கிவிட்டது.

டிவியிலேயே வேறு உதாரணங்களும் உண்டு. 1996இல் ஈடிவியில் தொடங்கிய தெலுங்கு ‘பாடுதா தீயகா’வில் எஸ்.பி.பி. சுருதியையும் சொல்லின் பொருளையும் பிரித்துப் பேசமாட்டார், அந்த வரியைத் தானே பாடிக் காட்டுவார். 2018இல் சூப்பர் சிங்கரின் ஆறாவது சீசனை ஜெயித்தவர் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ். அந்தப் பாட்டுமுறையில் சொல்லின் நுனியைத் தூக்கி எறிவதுதான் உயிர். கீபோர்டின் கட்டத்துக்குள் அது எங்கே அடங்கும்?

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தரலாம். செட்டிங்கில் சமப் பங்கீட்டை மாற்றும் வசதி இருக்கிற ஆப்பாகப் பார்த்து எடுங்கள், சட்ஜத்தை நாமே வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. நீண்டு நிற்கிற சுரங்களுக்கும் முடிக்கிற சட்ஜத்துக்கும் மட்டும் திரையைப் பாருங்கள். இறுதிச் சுற்றில் நான் போனைப் பைக்குள் போட்டுவிடுகிறேன். இலவச வகையென்றால் மறக்காமல் மியூட்டில் வையுங்கள். ஒரு குழந்தை விருத்தம் பாடிக்கொண்டிருந்தபோது நடுவர் மேசையிலிருந்து ரம்மி விளம்பரம் அலறியது, சபையே திரும்பிப் பார்த்தது.